இறால் தொட்டிக்காக எழுதிய பதினொரு பக்கம்

லண்டனில் நான் செய்த முதல் வேலை ஒரு பல் டொக்டரின் கிளினிக்கைக் கூட்டித் துடைப்பது. ஊரில் நான் இரசாயனவியல் பட்டதாரி. உயர்தர வகுப்புக்கு நான்கு வருடம் படிப்பித்தவள். இங்கே அதை யாரிடமாவது சொன்னால், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு, கழிவறைப் பீங்கானை எந்தப் போத்தல் மருந்தால் உரஞ்ச வேண்டும் என்று காட்டினார்கள். கொஞ்ச நாளில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கிளினிக் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. டொக்டர் எங்கடை ஆள். அறுபதுகளில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மனைவிதான் வரவேற்பு மேசையில் இருந்து ரெலிபோன் எடுப்பவர். என் கணவர் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு டொக்டர் கார் கொண்டுவருவார். அப்படிக் கதைத்துப் பேசித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. காலை ஆறரைக்குப் போய், ஒன்பது மணிக்கு நோயாளிகள் வர முதல் முடித்துவிட வேண்டும்.

டொக்டர் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பிள்ளை, குளிருக்குள்ளை வந்திருக்கிறீர், முதல் ஒரு தேத்தண்ணி குடியும்" என்று சொல்கிற மனிதர் அவர்.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சுவரோடு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மூன்றடி நீளம். பயந்துபோய் வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் ஆறும் என்று வைத்தது. முதலில் மீன்தான் இருந்ததாம். நான் போன காலத்தில் டொக்டருக்கு இறால் பைத்தியம் பிடித்திருந்தது. கப்பலில் வேலை செய்த ஒருவர் ஹொங்கொங்கிலிருந்து அவருக்குச் சின்ன இறால்கள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கடல் இறால் இல்லை, மலை ஓடைகளில் வாழும் நன்னீர் இறால். என் சின்னி விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள். அந்த நேரம் இந்த நாட்டில் அதை வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்று டொக்டர் சொல்வார்.

சொல்லுவாரே தவிர, அவை செத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கிழமையும் இரண்டு, மூன்று. உயிரோடிருக்கும்போது உள்ளே இருக்கிறதெல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும் உடம்பு, செத்ததும் அவித்தது போல வெளிறிச் சிவந்துவிடும். ஒருநாள் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு மொப்போடு நின்றேன். டொக்டர் அன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, அதையே பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

"டொக்டர், தண்ணி எப்ப மாத்திறனீங்கள்?"

"ஞாயிற்றுக்கிழமையிலை. பாதித் தண்ணியை எடுத்துப்போட்டுப் புதுசு விடுறனான். சுத்தமா இருக்கவேணும் தானே?"

"திங்கள், செவ்வாயிலை தானே கூடச் சாகுது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "நீர் ஊரிலை என்ன படிச்சனீர்?" என்று கேட்டார்.

லண்டன் தண்ணீரைப் பற்றி இங்கே கேத்தில் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஒரு மாதத்தில் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும். அவ்வளவு வன்மையான தண்ணீர். அந்த இறால்களோ மென்மையான ஓடைத் தண்ணீரில் பிறந்தவை. கிழமை முழுக்க ஒரு தண்ணீரில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சடாரென்று பாதி மாறினால், குளோரீனும் சேர்ந்தால், ஓட்டுக் கோதுக்குள் இருக்கிற சின்ன உயிர் எதைத் தாங்கும்? போதாததற்கு, வெப்பநாட்டுச் சாமான் என்று நினைத்து ஹீட்டரை இருபத்தெட்டில் வைத்திருந்தார். வடிகட்டியின் ஸ்பொஞ்சை ஒவ்வொரு கிழமையும் பைப்புக்குக் கீழே பிடித்துச் சவர்க்காரம் போடாத குறையாகக் கழுவினார். அந்த ஸ்பொஞ்சில் இருக்கிற பக்ரீரியாதான் இறாலின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிறது. அவர் சுத்தம் என்று நினைத்து அதைத்தான் கொன்றுகொண்டிருந்தார்.

இவ்வளவையும் அன்றைக்கே சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: "டொக்டர், கொஞ்ச நாளைக்கு ஒண்டையும் மாத்தாதேங்கோ. இதை எனக்கு விட்டுப் பாருங்கோ."

"உமக்கு ஏலுமே?"

"ஏலும்."

நான் 'ஏலும்' என்று சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது.

பின்பக்கத்துக் கொட்டிலின் கூரைத் தண்ணீர் வடிகிற பீலிக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் பீப்பாயை வைத்து மழைத் தண்ணீர் பிடித்தேன். இந்த ஊரில் குறைவில்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான். மூன்று பங்கு மழைத் தண்ணீர், ஒரு பங்கு குழாய்த் தண்ணீர். மழைத் தண்ணீர் மட்டும் விட்டால் இறாலுக்குக் கோது கட்டக் கல்சியம் கிடைக்காது. கழற்றிய பழைய கோதுக்கும் கட்டாத புதுக் கோதுக்கும் நடுவில் செத்துவிடும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்துக் குளோரீன் போகவிட்டேன். பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு சாடி மட்டும், அதையும் ஊற்றாமல், மெல்லிய ரியூப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, துளித் துளியாக இறங்க விட்டேன். ஆவியாகிக் குறைந்ததை மழைத் தண்ணீரால் மட்டுமே நிரப்பினேன். தண்ணீர்தான் ஆவியாகும், சுண்ணாம்பு உள்ளேயே இருக்கும், குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு நாள் வன்மை ஏறிக்கொண்டே போகும். ஹீட்டரை இருபத்திரண்டுக்கு இறக்கினேன். ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

டொக்டர் மீன் கடையிலிருந்து சோதனைப் பெட்டி வாங்கித் தந்தார். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் சிவப்பு பச்சையாக மாறுகிறது என்று எண்ண வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு இதே வேலையை, கண்ணை அளவுகோட்டுக்கு நேரே வை, அவசரப்படாதே என்று சொல்லிக் கொடுத்திருப்பேன். இப்போது இறப்பர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, கழிவறை மருந்து மணக்கிற கையை மூன்று தரம் கழுவிவிட்டு, நானே பிடித்தேன். பச்சை வந்தபோது யாருக்காவது காட்டவேண்டும் போலிருந்தது. காலை ஏழு மணி. ஒருவரும் இல்லை.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எழுதினேன். வெப்பநிலை, வன்மை, நைத்திரைற்று, எத்தனை கோது கழன்றிருக்கிறது, எத்தனை செத்தது. இரண்டாம் மாதத்தோடு 'செத்தது' என்ற நிரலில் கோடு மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். கோடையில் அறை அடுப்புப் போலக் கொதித்தபோது, போத்தலில் ஐஸ் உறையவைத்து, துணி சுற்றி, ஒரு மூலையில் மிதக்கவிட்டேன். ஒரேயடியாகக் குளிராமல் ஒரு பாகை, இரண்டு பாகை இறங்கினால் போதும். சனி, ஞாயிறு எனக்கு வேலை இல்லாத நாள். அந்த இரண்டு நாளும் பஸ் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற கணவருக்கு நான் எங்கே போகிறேன் என்று கேட்கத் தெம்பில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு பெண் இறாலின் வயிற்றுக்குக் கீழே முட்டைகளைக் கண்டேன். கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருந்தது. நான்கு கிழமை அதற்காகத் தண்ணீரை அசையவிடாமல் காத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு காலை, பாசிக்குள் கண்ணாடித் துண்டுகள் போலக் குஞ்சுகள். அப்படியே தாயின் அச்சு, எறும்பளவில். டொக்டருக்கு வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் மேல்சட்டைப் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் தரையில் முழங்காலில் இருந்து கண்ணாடிக்குள்ளே பார்த்தோம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை, இது இந்த ஊரிலை ஒருத்தரும் செய்யாத அலுவல்," என்றார். "நீர் செய்ததெல்லாத்தையும் எனக்கு ஒருக்கா எழுதித் தாரும். இங்கிலிஷிலை. ஒண்டும் விடாமல்."

இரண்டு கிழமை எடுத்து எழுதினேன். ஹரோ நூலகத்தில் நீர்வாழ் உயிர்கள் பற்றிய புத்தகங்களை எடுத்து, சரியான ஆங்கிலச் சொற்களைத் தேடினேன். பதினொரு பக்கம். அட்டவணை, வரைபு எல்லாம். ஊரில் ஆய்வறிக்கை எழுதியபோதுகூட அவ்வளவு கவனமாக எழுதியிருக்க மாட்டேன். அவர் கையில் கொடுத்தபோது, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "அருமை, அருமை" என்றார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு உதவியாளர் தேவை. இந்த நாட்டில் வேலை செய்தவர் ஒருவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றிருந்தார்கள். எனக்கு இந்த நாட்டில் தெரிந்த ஒரே ஒருவர் டொக்டர்தான்.

"இதுக்கென்ன, நான் எழுதித் தாறன்," என்றார். "உம்மைப் போல ஆளை அவங்கள் எங்கை பிடிக்கிறது?"

"தொட்டியைப் பற்றியும் எழுதுங்கோ டொக்டர். அது தான் அந்த வேலைக்கு..."

"ஓம், ஓம். எல்லாம் எழுதுறன்."

கடிதத்தை அவர் நேரே தபாலில் அனுப்பினார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் இருந்தார்கள். வன்மையை எப்படி அளப்பாய் என்று கேட்டார்கள், சொன்னேன். இங்கே வந்தபிறகு செய்திருக்கிறாயா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் செய்தேன் என்றேன். தொட்டி, மழைத் தண்ணீர், குஞ்சுகள் எல்லாம் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்கு நன்றாகவே வந்தது. அந்தப் பெண் முன்னால் இருந்த கடிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சங்கடம்.

"உங்கள் டொக்டர் உங்களைப் பற்றி மிகவும் நல்லதாக எழுதியிருக்கிறார்," என்றாள். பிறகு வாசித்தாள். நேரம் தவறாதவள். நேர்மையானவள். இடத்தை மாசு மறுவில்லாமல் வைத்திருப்பவள். நம்பிக் கதவுத் திறப்பைக் கையில் கொடுக்கலாம். அவ்வளவுதான். நாலு வரி.

"நீங்கள் சொன்ன சோதனைகளைப் பற்றி இதில் இல்லையே?" என்று அந்த ஆண் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பொய் சொல்கிறவளை அவமானப்படுத்தாமல் அனுப்புகிற குரல். அதைத் தாங்குவதுதான் கூடக் கஷ்டம். ஒரு கிழமையில் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வந்தது.

அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வயது போன மனிதர், நூறு அலுவல். நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கவலையாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை கதவைத் திறந்து தபால்களைப் பொறுக்கி மேசையில் வைக்கும்போது, ஒரு கவர் வாய் பிரிந்திருந்தது. டொக்டர் உறுப்பினராக இருந்த மீன் வளர்ப்போர் சங்கத்தின் சின்னப் பத்திரிகை. அட்டையில் வரி இறாலின் படம். அதை எனக்குத் தெரியும்; வலப்பக்க மீசை பாதி முறிந்த பெண் இறால் அது. எங்கடை தொட்டி.

மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, நோயாளிகளின் கதிரையில் இருந்து வாசித்தேன். என் பதினொரு பக்கம் ஆறு பக்கமாகச் சுருங்கியிருந்தது. என் அட்டவணை அப்படியே. என் வரைபு அப்படியே. முடிச்சுப் போட்ட ரியூப், துணி சுற்றிய ஐஸ் போத்தல். நான் எழுதிய வசனங்களே பல இடத்தில் இருந்தன. 'நான் கவனித்தேன்' என்று நான் எழுதிய இடத்தில் 'நான் கவனித்தேன்' என்றே இருந்தது. அந்த 'நான்' மட்டும் வேறு ஆள். மேலே டொக்டரின் பெயர். அந்த வருடத்துக்கான சங்கப் பரிசு அவருக்கு என்றும் போட்டிருந்தது.

கடைசியில் நன்றி சொல்லியிருந்தார். பொறுமையாக இருந்த மனைவிக்கு. இறாலைக் கொண்டுவந்த கப்பல் நண்பருக்கு. அதற்குப் பிறகு ஒரு வரி: தொட்டியைத் தொடாமல் விட்டுவைத்த கிளினிக்கின் துப்புரவுப் பெண்ணுக்கும்.

பகிடிக்காக எழுதியிருப்பார். வாசிக்கிற வெள்ளைக்காரர்கள் சிரிக்கட்டும் என்று. பகிடி என்று எனக்கும் விளங்கியது.

அவர் வரும்வரை அங்கேயே இருந்தேன். அன்றைக்கு ஒன்றையும் துடைக்கவில்லை.

"டொக்டர், இதிலை என்ரை பெயர் இல்லை," என்றேன்.

அவர் பத்திரிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். "இது சும்மா எங்கடை சங்கத்தின்ரை புத்தகம், பிள்ளை. நாப்பது பேர் வாசிப்பினம்."

"நாப்பது பேர் வாசிக்கிற புத்தகத்திலை பெயரைப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"பெயரைப் போட்டால் ஆரெண்டு கேப்பாங்கள். என்ன சொல்லச் சொல்லுறீர்? தொட்டி என்னுடையது. இறால் என்னுடையது. சாமான் எல்லாம் நான் வாங்கித் தந்தது. நான் மேற்பார்வை செய்தனான் தானே?"

"அந்த வேலைக்கு எழுதின கடிதத்திலையும் நீங்கள் ஒண்டும் எழுதேல்லை."

"அப்ப இது அச்சிலை இருந்தது," என்றார் மெல்ல. "ரெண்டு இடத்திலை ரெண்டு கதை இருந்தால் சரிவராது."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அவர் மறக்கவில்லை. யோசித்துத்தான் செய்தார். பரிசு மேடையில் ஒரு பின்னேரம் கைதட்டு வாங்க, என் கையில் வரவிருந்த ஒரு வாழ்க்கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, நான் குளிரில் வந்திருக்கிறேன் என்று தேத்தண்ணீரும் போட்டுத் தந்தார்.

வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் கணவருக்கு அந்த நேரம் ஷிப்ட் குறைந்திருந்தது. வீட்டில் குழந்தை வேறு. விடவில்லை. "இனி நான் துடைக்கிறது மட்டும் தான் டொக்டர்," என்றேன். "தொட்டியை நீங்களே பாருங்கோ. எழுதினது உங்களிட்டை இருக்குத் தானே."

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அதையும் சொல்லவேண்டும். என் பதினொரு பக்கத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டு, அதில் சொன்னபடி ஒரு வரி பிசகாமல் செய்தார். இறால்கள் பெருகின. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் தரையைத் துடைத்தேன். திரும்பாமல் துடைத்தாலும் எத்தனை குஞ்சு என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஈஸ்டர் விடுமுறைக்குக் கிளினிக்கைப் பத்து நாள் மூடினார்கள். அந்த நேரம் வீட்டின் பழைய ஈயக் குழாய்களைக் கழற்றிப் புதிதாகப் போடுகிற வேலை நடந்தது. திறப்பதற்கு முதல் நாள், தூசி தட்டித் துடைத்துவைக்க என்னை வரச் சொன்னார்கள். போனேன். தேத்தண்ணீர் போடுகிற குசினியில் சுவர் நெடுகப் புதுச் செம்புக் குழாய்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. வேலைக்காரர்கள் பின்பக்கத்துப் பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் நின்று வேலை செய்திருந்தார்கள். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

தொட்டிக்குப் பக்கத்தில், தரையில், இரண்டு வாளி நிறையத் தண்ணீர். ஒன்றில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. டொக்டரின் எழுத்து: 'இறாலுக்கு. பின்னேரம் வந்து தொட்டிக்குள் விடுவேன்.' பத்து நாளில் தொட்டித் தண்ணீர் கனக்கக் குறைந்திருந்தது. மழைத் தண்ணீர் இல்லாததால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, நான் எழுதிய பக்கங்களில் சொன்னபடி, குளோரீன் போக வைத்திருக்கிறார்.

செம்பு மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும். நூலகத்துப் புத்தகத்தில் நான் வாசித்தது. புதுக் குழாய்க்குள் நாள்கணக்காகத் தேங்கி நின்று முதன்முதல் வருகிற தண்ணீரில் செம்பு கரைந்திருக்கும். குளோரீன் போல அது வாளியில் வைத்தால் பறந்து போகாது. பதினொரு பக்கத்தில் இதை நான் எழுதவில்லை. அப்போது கிளினிக்கில் இருந்தது உள்ளே சுண்ணாம்பு படிந்த பழைய ஈயக் குழாய். செம்பைப் பற்றி எழுதத் தேவை இருக்கவில்லை.

நான் செய்யவேண்டியிருந்தது இவ்வளவுதான்: இரண்டு வாளியையும் சிங்க்கில் ஊற்றிவிட்டு, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திரும்பப் பிடிப்பது. ஐந்து நிமிட வேலை. அல்லது அந்தத் துண்டுக்குக் கீழே ஒரு வரி எழுதுவது. பேனை என் பையில் இருந்தது.

தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். இருநூறுக்கு மேல் இருக்கும். பாசியைக் கொறித்துக்கொண்டு நின்றன.

பிறகு மொப்பை எடுத்தேன். ஒரு வாளியைத் தூக்கி அப்பால் வைத்து, அதன் அடியில் துடைத்தேன். மற்றதையும் தூக்கித் துடைத்தேன். இரண்டையும் தரையில் இருந்த ஈர வட்டத்தின் மேலேயே, இருந்த இடத்திலேயே, திரும்ப வைத்தேன். துண்டு அவருக்குத் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தநாள் காலை ஆறரைக்கு நான் போனபோது டொக்டர் எனக்கு முதலே வந்திருந்தார். நோயாளிகளின் கதிரையில், கோட்டோடு, இருந்தார். தொட்டியின் அடி முழுக்க வெளிறிய சிவப்பு. ஒன்றிரண்டு இன்னும் பக்கவாட்டில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. மடியில் என் பதினொரு பக்கத்தை வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"மழைத் தண்ணி இல்லாதது மட்டும் தான், மற்ற எல்லாம் இதிலை சொன்னபடி தான் செய்தனான்," என்றார். "என்ன பிழை பிள்ளை? என்ன நடந்தது?"

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"தெரியாது டொக்டர்," என்றேன்.

வலையால் அள்ளி எடுத்தது நான்தான். அவரால் ஏலவில்லை. பழைய பத்திரிகைத் தாளில் போட்டுச் சுற்றினேன். அவ்வளவு பேரையும் சுற்றினாலும் கை நிறையவில்லை, அவ்வளவு சின்ன உடம்புகள். முட்டையோடு இருந்தவை பல.

அவர் அதற்குப் பிறகு தொட்டியில் எதையும் விடவில்லை. அந்த இடத்தில் ஒரு ரிவி வைத்தார்கள். இரண்டு மாதத்தில் நான் வேலையை விட்டேன். பின்னேர வகுப்புக்குப் போய் இங்கத்தைய சான்றிதழ் ஒன்று எடுத்து, இன்னும் மூன்று வருடம் கழித்து, ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போதும் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குகிறேன். படிப்பிப்பது வேறு ஆட்கள்.

டொக்டரையும் மனைவியையும் திரும்பக் கண்டது தொண்ணூறுகளின் கடைசியில், ஹரோவில் ஒரு கலியாண மண்டபத்தில். டொக்டருக்குக் காது கேட்பது குறைந்திருந்தது, சிரித்துக்கொண்டே இருந்தார். மனைவி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, மேசையில் இருந்த பெண்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

"இவ எங்கடை கிளினிக்கிலை வேலை செய்தவ. தங்கமான பிள்ளை. ஆனா ஒருநாள் பிளீச் கை ஏதோ பட்டு, இவரின்ரை இறால் எல்லாம் செத்துப் போச்சு. பாவம், வேணுமெண்டே செய்தவ? இவர் ஒரு வார்த்தை ஏசேல்லையே."

பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இத்தனை வருடமும் இந்தக் கதைதான் எல்லா இடமும் போயிருக்கிறது. பிளீச் கையோடு நான் ஒருநாளும், ஒரு தரமும் அந்தத் தொட்டிக்குக் கிட்டப் போனதில்லை. அது பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், பிறகு எது உண்மை என்று கேட்பார்கள்.

"ஓம் அன்ரி," என்றேன். "அப்பிடி ஏதோ தான் நடந்தது."

டொக்டர் என் பக்கம் குனிந்து, "சாப்பிட்டனீரே பிள்ளை?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகையை அவருக்கு முன்னமே தெரியும், வாளியைத் தெரியாது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உமக்கு அப்பவே விளங்கினதே?"

"விளங்கினது."

"வாளியைத் தூக்கி வைச்சும் துடைச்சனீரே?"

"ஓம்."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். கடிதத்தைச் சொன்னேன், நேர்முகத்தைச் சொன்னேன், துப்புரவுப் பெண்ணுக்கும் நன்றி என்ற அந்த வரியைச் சொன்னேன். என் குரல் ஏறிக்கொண்டே போனது.

"அதெல்லாம் சரி," என்றார் அவர். "அந்தாள் செய்தது அநியாயம் தான். ஆனா இறாலே அந்தக் கடிதத்தை எழுதினது?"

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்குத் தடிமன் பிடித்து இருமத் தொடங்கினார். மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.